புல்லை மிதிக்காத விமானம்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்தொன்று. இருவருக்கும் தாடி கிடையாது.

குரு ஒரு பெண், தூத்துக்குடிக்காரர். பெயர் ரோஸ்லின் மச்சாது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில் என்பதால் எல்லாரும் கேப்டன் என்பார்கள். சீடர் நாச்சிமுத்து, காங்கேயம் பக்கத்தில் கொப்பரைக் களம் வைத்திருப்பவர். லாரியில் வரும் தேங்காயை உடைத்து, சிமெண்ட் களத்தில் பரப்பி, காயவைத்து, எண்ணெய் ஆலைக்கு அனுப்புவது அவர் வேலை. களத்தில் யாரும் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் அவர் தன் சம்பந்தியைக்கூட விட்டுவைத்ததில்லை.

குரு இருந்தால் ஆசிரமம் வேண்டும். இங்கே அது ஒரு புல் ஓடுபாதை.

நாச்சிமுத்துவுக்குத் திடீரென்று விமானம் ஓட்டும் ஆசை வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய, இறக்கைக்குத் துணி போர்த்திய ஒரு பழைய விமானத்தை வாங்கினார். தன்னுடைய கொறங்காட்டை ஓடுபாதை ஆக்கினார். கொறங்காடு என்றால் மாடு மேய விட்ட மானாவாரி நிலம். சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே குத்துக்குத்தாய்க் கொழுக்கட்டைப் புல். அரசாங்கத்திடம் அனுமதி வாங்கியது தனிக்கதை. அதைத் தொடங்கினால் இதை முடிக்க முடியாது.

கேப்டனுக்குச் சீடர்மேல் ஒரே ஒரு குறை. இறங்கும்போது ஓடுபாதையின் கடைசியைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்பது கண்ணுக்குப் பிடிபடும். நாச்சிமுத்து விமானத்தின் மூக்குக்குக் கீழே பார்ப்பார். விமானம் பொத்தென்று விழுந்து தவளை மாதிரி இரண்டு தாவு தாவும். கற்றுக்கொள்கிற எல்லாரும் செய்கிற தப்புதான், கொஞ்ச நாளில் போய்விடும். ஆனால் இவர் வாழ்நாள் முழுக்கக் களத்தைக் குனிந்து பார்த்தே பிழைத்தவர். ஒரு கொப்பரை கவிழ்ந்து கிடந்தாலும் கண் அங்கே போய்விடும்.

"வேலிக்கு அந்தப் பக்கம் ஒத்தப் பனை நிக்குதுல்லா, அதப் பாருங்க அண்ணாச்சி."

"பாத்தேனுங்க கேப்டன். நடுவுல ஒரு கல்லு கெடந்துதுங்க."

ஒரு நாள் இப்படித் தாவித் தாவி இறங்கி நின்றதும் நாச்சிமுத்து தன் கேள்வியைக் கேட்டார்.

"என்னையத் தனியா எப்பங்க உடுவீங்க?"

கேப்டன் பெல்ட்டைக் கழற்றினார். இறங்கி ஓடுபாதையோடு நடந்தார். சீடரும் பின்னாலேயே நடந்தார். பாதித் தூரம் போனதும் நாச்சிமுத்துவின் வலது கால் ஓர் எலிவளைக்குள் முழங்கால்வரை இறங்கிவிட்டது. கேப்டன் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

"ஓடுபாதை ரெடின்னு என்னைக்குச் சொல்லுதீங்களோ, அன்னைக்கு."

"யாருங்க சொல்லோணும்?"

"நீங்கதான்."

நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வானம் அவருக்குப் புதுசு. தரை அப்படியா? தரையைச் சமன் செய்வதில் அவரை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஒரு வாரத்தில் ரெடி என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தார்.

எலிவளைகளை அடைத்தார். அடைத்ததும்தான் கரையான் புற்று கண்ணில் பட்டது. புற்றை இடிக்கலாமா கூடாதா என்று ஊரில் நாலு பேரைக் கேட்டார். நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்கள். அதற்குள் யாரோ வந்து புற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதன்பின் இடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓடுபாதையையே பத்தடி தள்ளிப் போட்டார். தள்ளிப் போட்ட பக்கம் மேடாக இருந்தது. மேட்டைச் செதுக்கி ரோடு ரோலர் விட்டார். ரோலர் போனபிறகு தண்ணீர் நின்றது. வடிகால் வெட்டினார்.

"ரெடியா அண்ணாச்சி?" என்று கேட்டார் கேப்டன்.

"இன்னொரு வேலை பாக்கி இருக்குதுங்க."

அந்த இன்னொரு வேலை புல். கொழுக்கட்டைப் புல் குத்துக்குத்தாய் வளரும். சக்கரம் ஏறினால் குலுக்கும். அதைப் பிடுங்கிவிட்டு அருகம்புல் பதியம் வைத்தார். அருகம்புல் பாய் விரித்தாற்போலப் படரும். படர்ந்ததும் மாடு வரும்.

இங்கேதான் பங்காளி கதைக்குள் வருகிறார். ஈஸ்வரமூர்த்தி, நாச்சிமுத்துவின் சித்தப்பா மகன். இரண்டு பேர் கொறங்காட்டுக்கும் நடுவில் ஒரே கிளுவை வேலி. ஒரு காட்டில் புல் தீர்ந்தால் இரு வீட்டு மாடும் அடுத்த காட்டுக்குப் போகும். இது அவர்கள் அப்பன் காலத்திலிருந்து உள்ள ஏற்பாடு. நாச்சிமுத்து அதை ஒரே நாளில் நிறுத்தினார். வேலியில் மாடு போய்வர இருந்த கடவை அடைத்தார். ரோட்டுப் பக்கம் ஆள் ஏற முடியாதபடி இரும்புக் கேட் போட்டு, மேலே கம்பி முள்ளும் வைத்தார். பூட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். குளிக்கும்போதும் அது இடுப்பில்தான் இருக்கும்.

ஈஸ்வரமூர்த்திக்கு வந்த கோபத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அதனால் அவர் தினமும் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மாட்டிடம் பேச ஆரம்பித்தார்.

"ஏ மயிலை, அண்ணன் நாளைக்குப் பறக்கறாராமா. உனக்குத் தெரியுமா?"

மாடு ஒன்றும் சொல்லாது. வேலிக்கு இந்தப் பக்கம் நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் பாய்ச்சுவார்.

அருகம்புல் பிடித்துக்கொண்டது. உண்மையிலேயே அழகான புல். அதைப் பார்த்தால் யாருக்கும் படுத்து உருள வேண்டும் என்று தோன்றும். உருள விட்டால்தானே. ஓரத்தில் ஒரு பலகை வைத்தார்: செருப்பைக் கழற்றவும். விமானத்துக்குப் போகிற வழியும் அதுதான் என்பதால், கேப்டனும் தன் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்துபோய் விமானத்தில் ஏறினார்.

இதில் ஒரு சங்கதி என்னவென்றால், முன்பு சீடர் கேட்டுக்கொண்டிருந்தார், குரு பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது குருதான் கேட்கிறார். ரெடியா என்பார். மயில் வருதுங்க என்பார் சீடர். அதை விரட்டத் தகரத்தைத் தட்டினார். மயில் போய்விட்டது. அடுத்த முறை கேட்டபோது ஓரத்துக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்றார். அடுத்த முறை, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் துணிப்பை வெளுத்துப்போனது என்றார். வெளுத்த துணிப்பைக்குக் காற்றின் திசை தெரியாதா என்று கேப்டன் கேட்கவில்லை.

பறப்பதும் குறைந்துகொண்டே வந்தது. இறங்கினால் புல் நசுங்கும் என்று வாரத்துக்கு ஒருமுறைதான் விமானத்தை எடுக்கவிட்டார். அந்த ஒருமுறையும் முன்னைவிட மோசமாகத் தாவினார். இப்போது ஒவ்வொரு புல்லையும் அவருக்குத் தெரியும். தெரிந்தவர்கள்மேல் எப்படிச் சக்கரத்தை ஏற்றுவது?

கேப்டன் ஒரு நாள் கொட்டகை நிழலில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னார்.

"எங்க ஊர்ல எனக்கு ஒரு மாமா. புதுசா வள்ளம் கட்டினாரு. கடல்ல எறக்குததுக்கு முன்னால பெயிண்ட் அடிச்சாரு. நல்லா இருந்துச்சு. உப்புத்தண்ணி பட்டாப் போயிருமேன்னு இன்னொரு பூச்சு. அடுத்த வருசம் வெயில்ல வெளுத்துட்டுன்னு மறுபடியும் அடிச்சாரு. வள்ளம் கரையிலயே கெடக்கு. மாமாவும் போய்ச் சேந்துட்டாரு. வள்ளம் இப்பமும் புதுசு மாதிரிதான் இருக்கு."

நாச்சிமுத்து நெடுநேரம் யோசித்தார். கதை அவரைத் தொட்டுவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"என்ன பெயிண்ட்டுங்க கேப்டன் அது?"

கேப்டன் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

இப்படியே போயிருந்தால் காலாகாலத்துக்கும் போயிருக்கும். நடுவில் டாக்டர் ஒருவர் வந்து சேர்ந்தார். பறப்பவர்கள் அவ்வப்போது உடம்பைக் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். இந்த முறை கொடுத்துவிட்டார் டாக்டர். ஆனால் இடது கண்ணில் புரை எட்டிப் பார்க்கிறது, சர்க்கரையும் கூடியிருக்கிறது, அடுத்த முறை எழுதிக்கொடுப்பேன் என்று சொல்ல முடியாது என்றார். தனியாகப் பறப்பதென்றால் இந்த வருஷத்துக்குள் பறந்துவிட வேண்டும்.

நாச்சிமுத்து அன்றைக்குச் சாப்பிடவில்லை. கொட்டகைக்கு வந்து விமானத்தின் சக்கரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

"தனியா எதுக்கு அண்ணாச்சி பறக்கணும்? பக்கத்துல நான் இருந்தா என்ன?" என்று கேட்டார் கேப்டன்.

இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை. கூட்டுக்குடும்பத்தில் பிறந்தேன் என்றார். ஒரே பாயில் ஏழு பேர். களத்துக்குப் போனால் அண்ணன் தம்பிகளும் ஆட்களும். வீட்டுக்கு வந்தால் மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும். கோயிலுக்குப் போனாலும் வேன் எடுத்துத்தான் போவார்கள். வாழ்க்கையில் தனியாக இருந்த இடம் குளியலறை ஒன்றுதான், அங்கேயும் கதவைத் தட்டுவார்கள். யார்மேலும் குறை இல்லை. எல்லாரும் நல்லவர்கள்.

"ஒரே ஒரு சுத்துங்க. பக்கத்துல ஆரும் இல்லாம ஒரே ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வந்தாப் போதுமுங்க."

கேப்டனும் சக்கரத்தடியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"ஓடுபாதை ரெடியா?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். கண் தானாகவே ஓடுபாதைப் பக்கம் போனது. நடுவில் ஒரு பாய் அளவுக்குப் புல் பழுத்திருந்தது.

"அதொண்ணு மட்டும் பாத்துப்போடறனுங்க" என்றார்.

அந்த வாரமே விமானத்தைச் சோதனைக்காகக் கோயமுத்தூர் கொண்டுபோக வேண்டியிருந்தது. கேப்டன் தனியாக எடுத்துப்போனார். மறுநாள்தான் வருவார் என்று பேச்சு. நாச்சிமுத்து இதுதான் சமயம் என்று பழுத்த இடத்தைக் கொத்தி, புதுப் பதியம் வைத்து, கணுக்கால் நனையத் தண்ணீர் பாய்ச்சினார். ஓடுபாதை மூடியிருக்கிறது என்று மேலே இருப்பவர்களுக்குச் சொல்ல ஒரு முறை உண்டு. வெள்ளையில் பெரிதாக ஓர் இன்டு மார்க் போட வேண்டும். நாச்சிமுத்து எதையும் முறையாகச் செய்பவர். தன்னுடைய எட்டுமுழ வேட்டிகள் இரண்டை எடுத்துவந்து, குறுக்கும் நெடுக்கும் விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். திருப்தியாக இருந்தது.

அன்று சாயங்காலமே மேலே சத்தம் கேட்டது. கோயமுத்தூரில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது போல. கொட்டகையில் ஆணியில் தொங்கிய வாக்கிடாக்கி கரகரத்தது.

"அண்ணாச்சி, ரன்வே நடுவுல வெள்ளையா என்னது?"

"இன்ட்டு மார்க்குங்க."

"யாரு போட்டது?"

"நானுங்க. பதியம் வெச்சிருக்கறனுங்க கேப்டன். ஈரமா இருக்குது. சித்தெப் பொறுங்க, காஞ்சிரும்."

"எவ்வளவு நேரம்?"

"காலையிலைக்குள்ள காஞ்சிருமுங்க."

விமானம் ஒரு வட்டம் போட்டது. கோயமுத்தூருக்கே திரும்பிப் போய்விட முடியுமா என்று நாச்சிமுத்து பணிவாகக் கேட்டார். எதிர்காற்றில் பெட்ரோல் நிறையச் செலவாகிவிட்டது, அவ்வளவு தூரம் வராது என்று பதில் வந்தது.

"சரி அண்ணாச்சி. இன்டு மார்க் போட்ட எடத்துல நான் எறங்க மாட்டேன்."

சத்தம் வேலிக்கு அந்தப் பக்கம் போனது. தாழ்ந்தது. நின்றுவிட்டது.

நாச்சிமுத்து கொட்டகையை விட்டு ஓடிவந்தார். ஒரு பாய் அளவு புல்லுக்காக ஓர் உயிரைக் கொன்றுவிட்டேனே என்று வாய்விட்டுப் புலம்பிக்கொண்டே மொபெட்டை உதைத்தார். வெளியே வந்ததும் இறங்கிப்போய்க் கேட்டைப் பூட்டினார். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். சாவியை இடுப்பில் சொருகினார். அந்தப் பதற்றத்திலும் கை அதன் வேலையைச் செய்தது.

ரோட்டைச் சுற்றிக்கொண்டு ஈஸ்வரமூர்த்தியின் காட்டுக்குள் நுழைந்தால், அங்கே விமானம் முழுசாக நின்றிருந்தது. சுற்றிலும் மாடுகள். கேப்டன் வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்து ஒரு சொம்பு மோர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஈஸ்வரமூர்த்தி மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிற முகத்தோடு நின்றிருந்தார்.

"வாங்கண்ணா, வாங்க. உங்க பிளேனு நம்ம காட்டுக்கு வந்திருக்குதுங்க." நின்றுபோன பேச்சுவார்த்தை இப்படித்தான் மறுபடி தொடங்கியது.

நாச்சிமுத்து கேப்டனிடம் மன்னிப்புக் கேட்டார். கண்ணீரே வந்துவிட்டது. உயிரோடு பார்த்ததில் வந்த கண்ணீர் அது. கொஞ்ச நேரம் கழித்துக் கண் தெளிந்ததும், வழக்கம்போலத் தரையைப் பார்த்தார். குத்துப்புல். சாணி. ஒரு பக்கம் மேடு. சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒரு கல்.

"இதுல எப்பிடிங்க எறங்குனீங்க?"

"பனையப் பாத்து எறங்கினேன்" என்றார் கேப்டன். "தரையப் பாத்திருந்தா எறங்கியிருக்க மாட்டேன்."

அப்போது மயிலை போய் இறக்கையை நக்க ஆரம்பித்தது. துணி இறக்கை, மேலே பூசிய வார்னிஷ் மாட்டுக்கு ருசியாக இருக்கும். இன்னொரு மாடு வந்து மறுபக்கம் நக்கியது. மூன்றாவது, துணியின் ஓரத்தைப் பல்லால் பிடித்து இழுத்துப் பார்த்தது. ராத்திரி இங்கே விட்டால் காலையில் எலும்புக்கூடுதான் மிஞ்சும் என்றார் கேப்டன். மாட்டை வேறெங்காவது கட்டலாமே என்று நாச்சிமுத்து கேட்டார்.

"அதுக்கு இன்னொரு காடு இருந்துதுங்கண்ணா. நீங்கதான் கடவ அடைச்சுப்போட்டீங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

கேப்டன் சொம்பைக் கொடுத்துவிட்டு எழுந்தார். நாச்சிமுத்துவிடம் மொபெட் சாவியைக் கேட்டு வாங்கினார்.

"நான் போயி இன்டு மார்க்க எடுக்கேன். நீங்க பிளேன எடுத்துட்டு வாங்க."

"தனியாவுங்களா?"

"வேணும்னா மயிலைய ஏத்திக்கிடுங்க."

"கேப்டன், ரன்வே இன்னும் ரெடியாகலீங்க."

கேப்டன் தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். இங்கிருந்து கிளம்புவது சுலபம், தரை இறுகி இருக்கிறது, ஓர் ஆள் பாரத்துக்குச் சீக்கிரமே எழும்பிவிடும் என்றார். ஒருமுறை விமானத்தைச் சுற்றிவந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். இரண்டு மூன்று சுற்றுக்குப் பெட்ரோல் இருக்கிறது என்றார். மொபெட்டில் ஏறிப் போய்விட்டார்.

நாச்சிமுத்து ஏறவில்லை. பயம்தான். இத்தனை மாதமும் எலிவளைக்குள்ளும் புற்றுக்குள்ளும் மயிலுக்குள்ளும் ஒளிந்திருந்த பயம், இப்போது ஒளிய இடமில்லாமல் நேராக எதிரில் வந்து நின்றது.

"வேண்டாமுன்னா உட்டுருங்கண்ணா" என்றார் ஈஸ்வரமூர்த்தி. நிஜமான பாசத்தோடுதான் சொன்னார். "ஊருக்குள்ள நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஈஸ்வரமூர்த்தி எதையெல்லாம் ஆரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார், அவையெல்லாம் எந்தெந்த டீக்கடையில் பேசப்பட்டன என்பது நாச்சிமுத்துவுக்குத் தெரியும். ஏறி உட்கார்ந்தார். ஈஸ்வரமூர்த்தி துண்டை வீசி மாடுகளை ஓரம்கட்டினார். விமானம் குத்துப்புல்லில் குலுங்கி, சாணியில் வழுக்கி, ஓடி, எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக மேலே போய்விட்டது.

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

அதைத்தான் அவர் முதலில் பார்த்தார். பெல்ட் மட்டும் மடிந்து கிடந்தது. "கேப்டன்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. கதவைத் தட்ட யாரும் இல்லை. கீழே களம், தென்னை, வீடு, வாசலில் எறும்பு அளவுக்கு யாரோ. அத்தனை பேரும் கீழே. நாச்சிமுத்து சிரித்தார். சத்தமாகவே சிரித்தார். ஏன் என்று கேட்க ஆள் இல்லாத முதல் சிரிப்பு அது.

ஒரு சுற்று முடித்துத் திரும்பினால் கீழே இன்டு மார்க் அப்படியே கிடந்தது.

கேட்டுக்கு வெளியே மொபெட் நிற்பது தெரிந்தது. பக்கத்தில் கேப்டன் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே போகவில்லை. எடுக்கவில்லை. நாச்சிமுத்து இன்னொரு சுற்றுப் போனார். திரும்பி வந்தார். கேப்டன் அதே இடத்தில் நின்றார். விமானத்து ரேடியோவில் கூப்பிட்டார். பதில் இல்லை. வாக்கிடாக்கி கொட்டகைக்குள் ஆணியில் தொங்குகிறது.

அப்போது வந்தது பாருங்கள் கோபம். காலி இருக்கையைப் பார்த்துத் திட்டினார். எடுக்கிறேன் என்று சொன்னது யார், எடுக்காமல் நிற்பது யார், இதெல்லாம் ஒரு வாத்தியார் செய்கிற வேலையா, சாகட்டும் கிழவன் என்று விட்டுவிட்டீர்களா என்று கேட்டார். வீட்டில் சொல்ல முடியாத நாலு வார்த்தையும் அதோடு சேர்ந்து வந்தது. எல்லாம் சொல்லி முடித்தபின் மனசு காலிக் களம் மாதிரி இருந்தது. ஈஸ்வரமூர்த்தியின் காட்டைப் பார்த்தார். மாடுகள் மறுபடி நடுவில் வந்து படுத்துவிட்டன. பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

கீழே இரண்டு வேட்டி. அவருடையது. அவர் விரித்தது.

நாச்சிமுத்து திருப்பினார். இறங்குமுன் ரேடியோவில் சொல்ல வேண்டும் என்பது முறை. அவர் முறை தவறாதவர். பொத்தானை அழுத்தினார்.

"நாச்சிமுத்து பேசறனுங்க. இன்ட்டு மார்க் போட்டது நானு. நான் அத எடுத்துட்டனுங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ரன்வே ரெடி. எறங்கறேன்."

கொட்டகைக்குள் ஆணியில் தொங்கிய வாக்கிடாக்கி மட்டும் அதைக் கேட்டது.

வேலி கீழே போனது. புற்று ஓரமாகப் போனது. இடது கண்ணில் கொஞ்சம் மங்கலாகவும் வலது கண்ணில் தெளிவாகவும் ஒற்றைப் பனை நின்றது. நாச்சிமுத்து அதையே பார்த்தார். சக்கரம் எப்போது தரையைத் தொட்டது என்பது அவருக்கே தெரியவில்லை. விமானம் தாவவில்லை. ஓடியது. ஈரமான பதியத்தைக் கிழித்துக்கொண்டு, இரண்டு வேட்டிகளின் மேலும் ஏறி, ஒன்றைச் சக்கரத்தில் சுற்றி இழுத்துக்கொண்டு, கொஞ்ச தூரம் போய் நின்றது.

அவர் இறங்கித் திரும்பிப் பார்த்தார். பச்சைப் பாயில் கறுப்பாக இரண்டு கோடு. நடுவில் சேறு. சக்கரத்தில் எட்டுமுழ வேட்டி.

நேராகக் கேட்டை நோக்கி நடந்தார். காலில் செருப்பு இருந்தது. புல்லின்மேல்தான் நடந்தார். இரண்டும் அவர் கவனத்துக்கு வரவில்லை. மேலே திட்டியதில் மிச்சம் கொஞ்சம் இன்னும் வாயில் இருந்தது.

கேப்டன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். முள்ளில் மாட்டிச் சட்டைக் கை ஓரிடத்தில் கிழிந்திருந்தது.

"ஏனுங்க கேப்டன், எடுக்கறேன்னு சொல்லிப்போட்டுத்தான வந்தீங்க. ரெண்டு சுத்துச் சுத்தினேன். நின்னு வேடிக்க பாத்துட்டு இருக்கறீங்க. ஏனுங்க எடுக்கல?"

கேப்டன் பூட்டைக் காட்டினார்.

"சாவி உங்க இடுப்புலல்லா இருக்கு, அண்ணாச்சி."